உப்பு இறங்கிருச்சு

போட்டமா, போடலையா. காலேஜ் மைதானத்துல கட்டியிருந்த ஷாமியானாவுக்குக் கீழ, அண்டாவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, மெஸ் மாஸ்டர் சோணைமுத்து காலையில ஒம்பதே முக்காலுக்கு என்ன நடந்துச்சுன்னு மறுபடியும் முதல்ல இருந்து யோசிச்சாரு. இது ஏழாவது தடவை. குதிரைவாலி கொதியில குழைஞ்சு வந்துச்சு, அது ஞாபகம் இருக்கு. மொச்சையை அவிச்சு வடிச்சுக் கொட்டினது ஞாபகம் இருக்கு. முருங்கைக்கீரைக் கூடையைக் கவுத்தது, அடியில ஒட்டிக்கிட்டிருந்த நாலு இலையைக்கூட விடாம விரலால வழிச்சுப் போட்டது, எல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது. அப்புறம் கல்லுப்பு டப்பாவைத் தொறந்து வலது கையை உள்ள விட்டாரு. கை நிறைய அள்ளினாரு. அந்த நேரம் பாத்துதான் மைக்கும் கையுமா விழா வாலண்டியரு, அஃப்ரின்னு ஒரு பொண்ணு வந்து, மாஸ்டர் ஒரே ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் பாருங்கன்னுச்சு. பாத்தாரு. போன்ல படம் பிடிச்சுக்கிட்டே, சிறுதானியத்தைப் பத்தி ரெண்டு வார்த்தைன்னுச்சு. ரெண்டு வார்த்தை சொன்னாரு. திரும்பிப் பாத்தா கையில உப்பு இல்ல. எங்க போச்சு? அண்டாவுக்குள்ளயா, டப்பாவுக்குள்ளயா? பேசிக்கிட்டே கையை ஆட்டினாரா, ஆட்டின கை எந்தப் பக்கம் போச்சு? சாதாரண சமையக்காரனா இருந்தா இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. கரண்டி நுனியில ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில விட்டு நக்கினா தெரிஞ்சு போகுது. முப்பத்தோரு வருசமா அவரும் அப்படித்தான் செஞ்சாரு. இன்னிக்கும் செஞ்சாரு. ஒரு சொட்டு விட்டாரு, நக்கினாரு. சூடா இருந்துச்சு. சூடு மட்டும் இருந்துச்சு.

நாக்கு போயி பதினாலு மாசம் ஆச்சு. போன வருசம் ஆவணியில ஒரு காய்ச்சல், நாலு நாள் கிடந்தாரு, அஞ்சாம் நாள் எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சாரு, கஞ்சி கஞ்சி மாதிரியே இருந்ததால ஒண்ணும் தெரியல. அடுத்த நாள் நார்த்தங்காய் ஊறுகாயைக் கடிச்சப்பதான், வாய்க்குள்ள ஏதோ ரப்பர் துண்டு கிடக்குற மாதிரி இருந்துச்சு. டாக்டருகிட்டப் போனாரு. நரம்பு, வந்தாலும் வரும்னாரு டாக்டர். வராட்டின்னு கேட்டதுக்கு, எப்படியும் உங்களுக்கு பிரஷர் இருக்கு, உப்பைக் குறைங்கன்னு எழுதிக் குடுத்தாரு. வீட்டுலகூடச் சொல்லல. வீட்டுக்காரி இருளாயி பரிமாறிட்டு, எப்படி இருக்குன்னு கேப்பா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதுக்கு அவரு ஒரு குறை வச்சிருப்பாரு, புளி தூக்கலா இருக்கு, தாளிச்சது கருகிருச்சு, பருப்பு இன்னும் ஒரு விசில்னு. இப்ப என்னத்தைச் சொல்ல? நல்லாருக்குன்னாரு. மறுநாளும் நல்லாருக்குன்னாரு. ஒரு மாசம் கழிச்சு இருளாயி பக்கத்து வீட்டுல சொல்லிக்கிட்டிருந்தது காதுல விழுந்துச்சு, எங்க வீட்டுக்காரரு வயசாக வயசாக நல்ல மனுசனா ஆயிட்டாருன்னு. அவ சந்தோசத்துக்காகவாவது நாக்கு வராம இருக்கட்டும்னு அன்னிக்கு நெனச்சாரு. கடைசியா ருசிச்சது என்னன்னு சில நாள் நினைச்சுப் பாப்பாரு. காய்ச்சலுக்கு முந்தின நாள் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல குடிச்ச டீ. சீனி அதிகம்னு கடைக்காரனோட சண்டை போட்டுப் பாதியைக் கீழ கொட்டினாரு. அந்தப் பாதி டீ இன்னும் மனசுல கிடக்கு.

இத்தனை மாசம் ஓட்டினது கைக்கணக்குலதான். அறுநூறு பேரு சாம்பாருக்கு எத்தனை கை, ரசத்துக்கு எத்தனை, பொரியலுக்கு எத்தனைன்னு கைக்குத் தெரியும், நாக்கு எதுக்கு? கை போடும், வாய் சத்தம் போடும். அந்தக் கிச்சன்ல அது ஒரு முறை. முன்ன ஒரு தடவை கூட்டுக்கு ஆள் ஆளுக்கு உப்புப் போட்டு, மூணு பேரு போட்ட கூட்டை அறுநூறு பிள்ளைக வாயில வச்சுத் துப்பினதுல இருந்து, உப்புப் போடுறவரு ஒருத்தர்தான், அது மாஸ்டர்தான், போட்டதும் "உப்பு இறங்கிருச்சு"ன்னு சத்தமாச் சொல்லணும்னு ஆச்சு. சொன்னா, காய் வெட்டுற மேடையில இருந்து பஞ்சவர்ணம் "சரிண்ணே"ன்னு பதில் குடுப்பா. பஞ்சவர்ணம் இருபத்திரெண்டு வருசமா அங்க காய் வெட்டுறவ, இன்னும் மூணு பொம்பளைகளுக்குத் தலைமை. அவ சரிண்ணேன்னு சொல்லிட்டா அப்புறம் அந்த அண்டாவுல யாரும் உப்போட கிட்டப் போகக் கூடாது. இன்னொரு முறையும் உண்டு. மாஸ்டரா இருக்கிறவரு யார்கிட்டயும் ருசி பாத்துச் சொல்லுன்னு கேக்கக் கூடாது. கேட்டா கரண்டியைக் கைமாத்திட்டாருன்னு அர்த்தம். இவருக்கு முந்தி இருந்த மாஸ்டர், பெரிய கைகாரரு, கை நடுங்குதுன்னு தெரிஞ்ச மறுவாரமே தேங்காய் திருவ உக்கார வச்சிட்டாங்க. திருவிக்கிட்டே இருந்தாரு. ஒரு நாள் வரல. யாரும் ஏன்னு கேக்கல, தேங்காயும் நிக்காம வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா இவரு கை நடுங்கலையே. பதினாலு மாசத்துல ஒரு பய குறை சொல்லல. நாலாம் வருசப் பையன் ஒருத்தன், சாம்பாரு முந்திக்கு இப்ப நல்லாருக்கு மாஸ்டர்னு தட்டை நீட்டினான். கேட்டப்ப நெஞ்சு லேசா நிமிந்துச்சு. சரி, இன்னிக்குச் சத்தம் போட்டமா? போட்டிருந்தா பஞ்சவர்ணம் பதில் சொல்லியிருப்பா. அவ பதில் காதுல இல்ல. ஆனா அவதான் காலையில எட்டு மணிக்கே கிச்சன்ல இல்லையே, அவளைத்தான் இங்க கூட்டிக்கிட்டு வந்துட்டாங்களே. பதில் இல்லைங்கிறதை வச்சு என்னத்தைக் கண்டுபிடிக்கிறது.

கூட்டிக்கிட்டு வந்தது நிர்மலா மேடம். உணவியல் துறைத் தலைவி, நல்ல மனுசி, யாரையும் ஒரு சொல்லு சொல்ல மாட்டாங்க, சமையக்கட்டுக்குள்ள வந்தா செருப்பைக் கழட்டிட்டு வர்ற ஒரே வாத்தியார் அவங்கதான். ரெண்டு மாசமா இந்த விழாவுக்கு ராப்பகலா ஓடினாங்க. சத்தான தட்டு, சல்லிசான தட்டு, மிச்சம் வைக்காத தட்டு, இதுதான் விழா. ஸ்டால் ஒம்பது. ஒரு தட்டு இருபத்தஞ்சு ரூபாய்க்கு மேல போகக் கூடாது, எண்ணெய் பாதி, உப்பு பாதி, மேசையில உப்பு ஜாடி கிடையாது. உப்பைக் குறைப்போம்னு பச்சைக் கலர்ல ஒரு பலகை, சோணைமுத்து தலைக்கு நேரா. பாதின்னா எதுல பாதி? கைக்கணக்குல பாதின்னா அரைக் கையா? புதுப் பண்டம், குதிரைவாலிச் சாம்பார் சாதம், இதுக்கு முழுக்கணக்கே கைக்குத் தெரியாதப்ப பாதியை எங்க தேடுறது? அதுலயும் ஒரு பலகை அந்தப் பக்கம் இங்கிலீஷ்ல நிக்குது, ஆள் உயரம், கட்டம் கட்டமா. சின்ன வயசுல சிம்மக்கல் பக்கம் ஒரு ஓட்டல்ல எச்சித்தட்டு கழுவிக்கிட்டே ராத்திரி பள்ளிக்கூடம் போனவரு சோணைமுத்து, இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிச்சிருவாரு. வாட்டர்னு இருக்கு, மைனஸ் நானூறு லிட்டர். வேஸ்ட்டுன்னு இருக்கு, மைனஸ் அறுபது கிலோ. அதுக்குக் கீழ இன்னொரு வரி, கட்டி வச்ச வாழைமரத்து இலை அதை மறைச்சிருச்சு. எதிர்க்கோடியில எடை மெஷின். சாப்பிட்ட தட்டுல மிச்சம் இருந்தா அதுல வச்சு நிறுத்து, எத்தனை கிராம்னு பெரிய திரையில காட்டுவாங்க, அம்பது கிராமுக்கு மேல போனா தட்டோட நிக்க வச்சுப் போட்டோ. அந்த மெஷினுக்குப் பக்கத்துல பச்சைத் தொப்பியும் பச்சை ஏப்ரனுமா பஞ்சவர்ணம். உழைக்கும் கைகளுக்கு மரியாதை செய்யணும்னு அவளை அங்க நிக்க வச்சாங்களாம். இருபத்திரெண்டு வருசத்துல முதல் மரியாதை எச்சித்தட்டை நிறுக்கிறதுல வந்து முடிஞ்சிருக்குன்னு அவளே காலையில சொல்லிச் சிரிச்சா. தொப்பி அவ கொண்டைக்கு மேல உக்காராம நழுவிக்கிட்டே இருந்துச்சு.

பன்னெண்டு மணிக்கு வரிசையைத் தொறந்து விட்டாங்க. சோணைமுத்து முதல் கரண்டியை வச்சாரு. இனிமே மூஞ்சிகதான் அவருக்கு நாக்கு. உப்பில்லாத சோத்தை வாயில வச்சவன் மூஞ்சி எப்படிப் போகும்னு அவருக்குத் தெரியாதா? புருவம் ரெண்டும் கிட்ட வரும், மெல்லுறது நிக்கும், கண்ணு தானா மேசையில எதையோ தேடும். உப்புக் கரிச்சா வேற மாதிரி, தாடை பின்னாடி போகும், கை தண்ணிக்குப் போகும். முதல் பையன் வாயில வச்சான். மென்னான். மென்னுக்கிட்டே இருந்தான். மூஞ்சி சும்மா இருந்துச்சு, பரீட்சை எழுதுறவன் மூஞ்சி மாதிரி. ரெண்டாவது ஒரு பொண்ணு, வாயில வைக்கிறதுக்கு முந்தியே தட்டைப் படம் எடுத்துச்சு, வச்சதுக்கு அப்புறம் தன்னையே படம் எடுத்துச்சு, படத்துக்குச் சிரிச்சது மூஞ்சியில அப்படியே தங்கிருச்சு, அதை வச்சு என்ன கண்டுபிடிக்க? அஞ்சாவது பையனுக்குப் புருவம் கிட்ட வந்துச்சு. வந்துருச்சு, வந்துருச்சுன்னு இவரு அள்ளின கரண்டியை அப்படியே நிறுத்தினாரு. அவன் வாலண்டியர் பையன் பக்கம் திரும்பி, ப்ரோ, உப்பு கம்மியோன்னான். வாலண்டியர் மேல இருக்கிற பச்சைப் பலகையைக் காட்டினான். ஓ, சரி சரின்னு அவன் அடுத்த வாய் எடுத்தான். கம்மின்னானே, கம்மின்னா இருக்குன்னுதானே அர்த்தம்? சுத்தமா இல்லைன்னா இல்லைன்னுல்ல சொல்லியிருப்பான்? இல்ல, மரியாதைக்குக் கம்மின்னானா? கேட்டுப் பாத்துருவோம்னு, வரிசையில வந்த வாட்ச்மேன் சேதுவுக்கு ஒரு கரண்டி கூடுதலா வச்சு, எப்படிண்ணே இருக்குன்னு, ருசியைக் கேக்காத மாதிரி கேட்டாரு. சேது யோசிச்சு, நல்லா ஹெல்த்தியா இருக்கு மாஸ்டர்னாரு. இது என்ன பதில்? சோறு எப்படி இருக்குன்னா புளிக்குதுன்னு சொல்லலாம், கரிக்குதுன்னு சொல்லலாம், விளங்கலைன்னு மூஞ்சியில கொட்டலாம். ஹெல்த்தின்னா அது நாக்குல எந்த இடத்துல தெரியுது?

டப்பாவுல இருந்து கொஞ்சம் கொண்டு வந்து இப்பப் போட்டுருவோமா. டப்பா கிச்சன்ல இருக்கு, கிச்சன் மைதானத்தைத் தாண்டி அந்தக் கடைசி, வரிசையோ வளஞ்சு வளஞ்சு நிக்குது. போயி கொண்டு வந்தாலும், முன்னாடியே போட்டிருந்தா? கம்மியா இருக்கிறதைச் சரி பண்ணலாம், கூடிப் போச்சுன்னா கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. அதுவுமில்லாம நானூறு பேரு பாக்க, வாலண்டியர் பிள்ளைக போன்ல படம் பிடிக்க, உப்பைக் குறைப்போம்னு எழுதின பலகைக்குக் கீழ நின்னு உப்பைப் போடுறதா? கையைப் பாத்தாரு. காலையில மொச்சை உரிச்சப்ப ஆள்காட்டி விரல்ல நகத்தோரம் கீறல் விழுந்திருந்துச்சு, அதுல எரிச்சல் இருந்துச்சு, அப்ப உப்பைத் தொட்டது நிசம். தொட்டதுதான் தெரியுமே, எங்க விட்டோம்ங்கிறதைக் கீறல் சொல்லுமா? ஒம்பதே முக்கால். மைக். சிறுதானியம் உடம்புக்கு நல்லதுங்கன்னு சொன்னாரே, நல்லதுங்கன்னு சொல்றப்ப கையை இப்படி விரிச்சாரே. விரிச்சப்ப கீழ என்ன இருந்துச்சு? அண்டா இருந்துச்சா, டப்பா இருந்துச்சா? அஃப்ரின் போன்ல அந்தப் படம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாத்தா தெரியும். என்னத்துக்கு மாஸ்டர்னு கேக்கும். என் கை எங்க போச்சுன்னு பாக்கணும்மான்னு சொல்ல முடியுமா? கரண்டி பாட்டுக்கு அள்ளிச்சு, வச்சிச்சு. நூறு, நூத்தம்பது. தட்டுகளெல்லாம் வழிச்சுத் தொடச்ச மாதிரி திரும்பிப் போச்சு, திரையில சைபர் கிராம், எட்டு கிராம், சைபர் கிராம்னு வந்துச்சு. சாப்பிடுறாங்களே, அப்ப நல்லாத்தான் இருக்கோ? நல்லாத்தான் இருக்கும். கை ஏமாத்தாது. பதினாலு மாசம் ஏமாத்தாத கை இன்னிக்கா ஏமாத்தும்னு, மூச்சைக் கொஞ்சம் தாராளமா விட்டாரு.

அப்பத்தான் பஞ்சவர்ணம் சாப்பிடுறதைப் பாத்தாரு. யாரோ ஒரு பொண்ணு அவளுக்கும் ஒரு தட்டைக் கொண்டு போயிக் குடுத்திருக்கு, மெஷின் பக்கத்துலயே நின்னபடி, தொப்பியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு ஒரு வாய் வச்சா. மெல்லுறது நின்னுச்சு. புருவம் கிட்ட வந்துச்சு. ஆனா கண்ணு மேசையில தேடல, நேரா மைதானத்தைத் தாண்டி இவரைப் பாத்துச்சு. பாத்துக்கிட்டே அவ வலது கை தானா இடுப்புக்குப் போச்சு, சேலை மடிப்புக்கு, அங்கதான் அவ எப்பவும் ஒரு பொட்டணம் சொருகியிருப்பா, புகையிலைன்னு இவரு நெனச்சிருந்தாரு. கை போயி ஏப்ரன்ல முட்டி நின்னுச்சு. சோணைமுத்துவுக்கு அப்பத்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. தினமும் பதினொண்ணே காலுக்கு அவ அண்டாப் பக்கம் வருவா. கேரட் வெந்துச்சான்னு பாக்குறேண்ணேம்பா. இவரு பாருத்தான்னுட்டு அடுத்த அடுப்புக்குத் திரும்புவாரு. ஒரு கரண்டி எடுத்து ஊதிப் பாப்பா, சரியா வெந்துருச்சுண்ணேன்னுட்டுப் போயிருவா. சில நாள் முழு உருளைக்கிழங்கு ரெண்டைச் சாம்பாருக்குள்ள போட்டுட்டு, வெந்ததும் எடுத்துக்கிறேண்ணே, எனக்கு ஆசையா இருக்கும்பா. உப்புக் கூடிப் போச்சுன்னா உருளைக்கிழங்கு போட்டு இழுப்பாங்கன்னு சமையக்கட்டுல பிறந்த பூனைக்குக்கூடத் தெரியும். இவருக்குத் தெரியல. ரசம் வைக்கிற அன்னிக்கும் வந்தா. கேரட் வெந்துச்சான்னு பாக்குறேண்ணேன்னா. பாருத்தான்னாரு. ரசத்துல ஏதுடா கேரட்டு? பதினாலு மாசத்துல எத்தனை ரசம், ஒரு நாளாவது கேட்டாரா? வயசாகுது, மறதின்னு நெனச்சாரு, அவளுக்கு. சாம்பாரு முந்திக்கு இப்ப நல்லாருக்குன்னு அந்தப் பையன் சொன்னது அவ சாம்பாரை. இவரு கையில இருந்தது கணக்கே இல்ல, வெறும் சத்தம். உப்பு இறங்கிருச்சுன்னு இவரு கத்த, சரிண்ணேன்னு அவ பதில் சொல்லிட்டு, மாஸ்டரைத் தவிர யாரும் உப்புத் தொடக் கூடாதுங்கிற முறையை அவரு மானத்துக்காகத் தினமும் உடைச்சிருக்கா. இன்னிக்கு அவளை அங்க நிறுத்தி, இவரை இங்க நிறுத்தி, நடுவுல நானூறு பிள்ளைகளை விட்டுட்டாங்க.

அவ இந்தப் பக்கம் வரக் கிளம்பினா. வாலண்டியர் பிள்ளை மறிச்சு, அம்மா மெஷினை விட்டுப் போகக் கூடாது, ரீடிங் மிஸ் ஆகிரும்னுச்சு. திரும்பிப் போயி நின்னா. அதுக்கப்புறம் அவ தட்டுகளைப் பாத்த பார்வை வேற. இப்ப இவருக்கும் தெரிஞ்சுச்சு. பிள்ளைக மெஷினுக்கு நாலடி தூரத்துல நின்னு, மிச்சத்தை ஒரே வாயா வாய்க்குள்ள தள்ளி, தண்ணி குடிச்சு முழுங்கிட்டுத்தான் தட்டை நீட்டுதுக. போட்டோவுக்குப் பயந்து. உப்பில்லைன்னு ஒரு பிள்ளைக்கும் தோணலையா, தோணிச்சு, ஆனா உடம்புக்கு நல்லதுன்னா இப்படித்தான் இருக்கும்னு பெரிய மனசோட முழுங்கியிருக்குதுக. திட்டியிருக்கலாம். கூட்டுக்குத் துப்பின மாதிரி துப்பியிருக்கலாம். ரெண்டு மணிக்கு நிர்மலா மேடம் மைக்கை வாங்கினாங்க. மொத்த ஸ்டால்லயும் மிச்சம் கம்மியா விழுந்தது குதிரைவாலிச் சாம்பார் சாதத்துலதான்னு சொல்லி, சோணைமுத்து மாஸ்டருக்கு முதல் பரிசுன்னாங்க. கைதட்டுனாங்க. அப்புறம் இங்கிலீஷுக்கு மாறிட்டாங்க, இவருக்கு அங்கங்க பிடிபட்டுச்சு. வர்ற ஒண்ணாம் தேதில இருந்து மெஸ்ஸுல வாரம் ரெண்டு நாள் இந்தச் சாப்பாடு, இதே மாஸ்டர் கையால. அதோட காய்கறி இனிமே வெட்டிக் கழுவிப் பொட்டலமா வெளிய இருந்து வரும், தண்ணி மிச்சம், குப்பை மிச்சம்னு பேசிக்கிட்டே அந்த இங்கிலீஷ் பலகையைக் காட்ட, ஒரு பையன் வாழையிலையை ஒதுக்கிப் பிடிச்சான். மூணாவது வரி தெரிஞ்சுச்சு. கூட்டிப் படிச்சாரு. வாட்டர் மைனஸ் நானூறு, வேஸ்ட் மைனஸ் அறுபது, மேன்பவர் மைனஸ் நாலு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு சின்னப் பச்சை இலைப் படம். வெட்டுற மேடையில எத்தனை பேருன்னு எண்ண வேண்டியதில்லை. அந்த நாலு பேருல மூத்தவ எதிர்க்கோடியில தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு, என்னன்னு தெரியாமலே எல்லாரோடயும் சேந்து கைதட்டிக்கிட்டிருந்தா.

மைக் இவரு வாய்க்குக் கிட்ட வந்துச்சு. "உங்க ருசியோட ரகசியம் என்ன, மாஸ்டர்?"னாங்க மேடம். ரகசியம் அந்தக் கோடியில நிக்குதும்மான்னு சொல்லலாம். இதுல உப்பே இல்ல, எனக்கு நாக்கே இல்ல, இத்தனை மாசமா உங்க பிள்ளைகளுக்கு ருசியாச் சோறு போட்டது அவதான், அவளைத்தான் நீங்க மைனஸ் போட்டு எழுதியிருக்கீங்கன்னு சொல்லலாம். சொன்னா? முதல்ல சிரிப்பாங்க, அப்புறம் மேடம் மூஞ்சி வாடிப் போகும், அவங்க ரெண்டு மாச உழைப்பு. அப்புறம் அவரு தேங்காய்க்கு முன்னாடி உக்காருவாரு. நாக்கு உள்ள ஒரு மாஸ்டரைக் கொண்டு வருவாங்க. நாக்கு உள்ளவனுக்குப் பஞ்சவர்ணம் எதுக்கு, பொட்டலக் காய் வந்துரும். ஆக சொன்னா ரெண்டு பேரும் போகணும், சொல்லாட்டி ஒருத்தி. இந்தக் கணக்கு மட்டும் எவ்வளவு சுளுவா வருது பாரு. அவளைப் பாத்தாரு. அவ தலையை லேசா ஆட்டினா, வேணாம்ங்கிற மாதிரியும் இருந்துச்சு, தொப்பி நழுவினதுக்கு ஆட்டின மாதிரியும் இருந்துச்சு. வேணாம்னுதான் ஆட்டினான்னு இவரு எடுத்துக்கிட்டாரு. எடுத்துக்கிட்டதும் வாய் தானா தொறந்துச்சு. "எல்லாம் கைக்கணக்குதாங்க"ன்னாரு. அன்னிக்கு விழுந்த கைதட்டுலயே பெரிய கைதட்டு அதுக்குத்தான்.

மூணு மணிக்கு ஷாமியானாவைப் பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. மழை வர்ற மாதிரி மூட்டம் போட்டிருந்துச்சு. அண்டா அடியில ஒட்டின சாதத்தைச் சுரண்டிக்கிட்டிருந்தாரு, பக்கத்துல கண்ணாடிச் சட்டம் போட்ட சர்டிபிகேட் சாஞ்சு கிடந்துச்சு. பஞ்சவர்ணம் தொப்பியையும் ஏப்ரனையும் கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்தா. இடுப்புல இருந்து பொட்டணத்தை எடுத்து அவரு கையில வச்சா. பழைய நோட்டுத்தாள், மடிச்சு மடிச்சு மெத்துன்னு ஆன தாள், உள்ள கல்லுப்பு.

"நாலு எட்டு நடந்தா வந்திருப்பேண்ணே. விட மாட்டேன்னுட்டாளுக."

"எப்பருந்துத்தா?"

"போன வருசம் புரட்டாசி. அன்னிக்கு ரசம் வச்சீங்க பாருங்க, புளித்தண்ணி மட்டும் இருந்துச்சு. நீங்க பாட்டுக்கு உப்பு இறங்கிருச்சுன்னு சத்தம் போடுறீங்க."

"சொல்லியிருக்கலாம்ல."

"நான் என்னன்னு சொல்ல? நானும்தான் சரிண்ணேன்னுட்டேன்."

அவரு மறுபடியும் அண்டாவைச் சுரண்ட ஆரம்பிச்சாரு. அப்புறம் அவ, மேடம் கடைசியில என்னமோ இங்கிலீஷ்ல சொன்னாங்களே, எல்லாரும் தட்டுனாங்களே, என்னாண்ணே அதுன்னு கேட்டா. ராத்திரி பள்ளிக்கூடத்துல படிச்சவரு, அவளுக்கு எப்பவும் நோட்டீஸு, ரேஷன் கடைப் பலகை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் படிச்சுச் சொல்றவரு அவருதான். அவரு சொல்றதுதான் அவளுக்கு எழுத்து.

"நல்லாருந்துச்சுன்னாங்க"ன்னாரு.

"உப்பில்லாமயேவா"ன்னு சிரிச்சா பஞ்சவர்ணம். சிரிச்சுக்கிட்டே சுரண்டின சாதம் இருந்த சட்டியையும் கரண்டியையும் அள்ளி இடுப்புல வச்சுக்கிட்டு, நாளைக்கு அவரைக்காய்ப் பொரியலாண்ணே, வெள்ளன வந்து நாரெடுத்து வைக்கிறேன், பிஞ்சா வாங்கச் சொல்லுங்கன்னுட்டுக் குழாயடிக்கு நடந்தா. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. பதினோரு நாளைக்கு அவரு சாம்பாரு நல்லாருக்கும். தாளை விரிச்சு, ரெண்டு கல்லை எடுத்து நாக்குல வச்சாரு. மணல் மாதிரி நறநறன்னுச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சுச்சு, அப்புறம் வாய்க்குள்ள ஒண்ணும் இல்ல. மிச்சத்தைக் கை நிறைய அள்ளிக் காலி அண்டாவுக்குள்ள விட்டாரு. கல்லு விழுந்து சிதறுற சத்தம் நல்லாவே கேட்டுச்சு. ஒம்பதே முக்காலுக்குக் கேட்டதும் இதே சத்தம்தான், சாதம் நெறஞ்ச அண்டாவுல இது கேக்காது, அப்ப உப்பு விழுந்தது டப்பாவுக்குள்ளதான். எட்டாவது தடவையில தெரிஞ்சு போச்சு.

"உப்பு இறங்கிருச்சு"ன்னாரு, பழக்கத்துல, மெதுவா.

குழாயடியில தண்ணி விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அவளுக்குக் கேக்கல.